வராத காமாலை

செண்பகவல்லிக்குச் சின்ன வயதில் மணல்வாரி அம்மை வந்திருக்கிறது. வருஷா வருஷம் மழைக்காலத்தில் ஜலதோஷம் வரும். இவற்றைத் தவிர அவள் உடம்பில் ஒரு வியாதி வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஸ்ரீரங்கத்தில் யாரிடம் போய்ப் பராசரன் ஸ்வாமி பெண் செண்பகம் என்று சொன்னாலும், "யாரு, அந்தக் காமாலை வந்த பொண்ணா?" என்றுதான் கேட்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரியும். பதில் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இப்போது அவள் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. "இனிமே சொன்னா யாருக்கு என்ன, சொல்லிக்கோயேன்" என்று அவளே சொல்லிவிட்டாள்.

மேலச் சித்திரை வீதியில் ஒரே வீட்டில் நாங்கள் இரண்டு குடித்தனம். முன்கட்டில் அவர்கள், பின்கட்டில் நாங்கள், நடுவில் பொதுக் கிணறு. பராசரன் மாமா பள்ளிக்கூடத்தில் சம்ஸ்கிருத வாத்தியார். கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டியில் அவருக்கு ஓர் இடம் உண்டு. சம்பளம் நின்றால்கூடத் தாங்குவார், அந்த இடம் போனால் தாங்க மாட்டார். அவர் மனைவி கமலவல்லி மாமி சமைக்கிற தளிகை உள்ளில் ஆசாரம் வைத்ததுதான் சட்டம். வெங்காயம், பூண்டு இருக்கட்டும், கோஸ், கேரட், பீட்ரூட் என்று இங்கிலீஷ் காய் எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது. வெள்ளைக்காரன் கொண்டு வந்ததைப் பெருமாளுக்கு எப்படிப் படைத்துக் கண்டருளப் பண்ணுவது, பெருமாளுக்கு ஆகாததை நாம் எப்படிச் சாப்பிடுவது என்பது மாமியின் கட்சி. "அப்போ பப்பாளி எந்த வைகுண்டத்துலேருந்து வந்தது மாமி?" என்று நான் ஒருநாள் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

செண்பகம் திருச்சி கன்டோன்மென்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். நல்ல கறுப்பு. களையான முகம், பெரிய கண். "பெரிய பெருமாள் நிறம்டி நீ" என்பார் அப்பா. "பெரிய பெருமாளைப் பொண்ணு பாக்க யாரும் வரலையே அப்பா, என்னைன்னா பாக்க வரா" என்பாள் இவள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் வந்தவர்கள் எல்லாரும் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டு, ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்று கிளம்பி, எழுதாமலே இருந்தார்கள். அவளுக்கு வயது இருபத்துநாலு ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் எங்கள் ஜனங்களிடையே அது சின்ன வயது இல்லை.

அறுபத்தொன்றாம் வருஷம் ஆனி மாதம் கும்பகோணத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பிள்ளை பெயர் சாரங்கபாணி. அங்கே ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர். தடிமனான கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். ஆசாரத்தில் கமலா மாமியையே தூக்கிச் சாப்பிடுகிற வீடு. ஹோட்டலில் காபி குடித்தாள் என்று மூத்த மாட்டுப்பெண்ணைப் பல மாதம் பிறந்த வீட்டில் விட்டு வைத்தவர்கள். பிள்ளை செண்பகத்திடம், டைப் அடிக்கிற வேலை பிடித்திருக்கிறதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிடித்திருக்கிறது என்றாள். மறுநாள் கிணற்றடியில் என்னிடம், "மத்தவாள்லாம் என் கையையும் கழுத்தையும் பாத்துண்டே பேசினா. இவர் என் கண்ணைப் பாத்துப் பேசினார்டி" என்றாள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவர்களும் சரி என்று சொன்னார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் நிச்சயதார்த்தம், தையில் கல்யாணம். இத்தோடு நின்றிருந்தால் செண்பகம் இப்போது கும்பகோணத்தில் பேரன் பேத்தி எடுத்திருப்பாள். பெண் பார்த்துவிட்டு அன்று கிளம்பும்போது பிள்ளையின் அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டே, "நிறம்தான் கொஞ்சம் மட்டு. பரவாயில்லை, எங்க பிள்ளைக்குப் பிடிச்சுடுத்து" என்றாள். இந்தப் பரவாயில்லை இருக்கிறதே, அதை யார் கண்டுபிடித்தார்களோ. நேரே திட்டினால்கூட இரண்டு நாளில் மறந்துபோகும். செண்பகத்துக்கு அது முள்ளாய்த் தைத்தது.

ஆடி மாதம் ஒரு வாரப் பத்திரிகையின் பெண்கள் பக்கத்தில் அவள் ஒன்றைப் படித்தாள். பவுடர், ஸ்நோ எல்லாம் மேல்பூச்சு. உள்ளே போகிற காயும் பழமும்தான் மேனியை மாற்றும். கேரட்டைப் பச்சையாகத் தினமும் சாப்பிட்டு வந்தால் தோல் பொன்னாக மின்னும் என்று போட்டிருந்தது. அளவாகச் சாப்பிடச் சொல்லியிருந்ததாம். ஆவணிக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பவளுக்கு அளவு எங்கே கண்ணில் படும்?

கேரட்டுக்கு அவள் எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த ரோஷன் பேகம் பாலக்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் காஜா மைதீனுக்குக் காந்தி மார்க்கெட்டில் ஊட்டிக் காய்கறி மண்டி. லாரியில் வரும்போது ஒடிந்துபோன கேரட் எல்லாம் சாக்கு சாக்காக வீட்டுக்கு வரும். செண்பகம் ஆபீஸ் விட்டு பஸ்ஸுக்கு வருகிற வழியில் அங்கே நுழைந்து, முற்றத்தில் உட்கார்ந்து, ரோஷன் கழுவிச் சீவி உப்பு தடவிக் கொடுப்பதைத் தின்பாள். "நல்லாச் சாப்பிடு. நீ வெளுக்கிற வரைக்கும் எங்க வீட்டு ஆடு பட்டினி கெடக்கட்டும்" என்று ரோஷன் கேலி செய்வாள். வீட்டுக்கு வந்தால் மாமி, "ஏண்டி ராத்திரி சாப்பாடு இறங்க மாட்டேங்கறது?" என்பாள். ஆபீசில் வேலை ஜாஸ்தி என்று சொல்லிச் சமாளிப்பாள்.

பத்திரிகைக்காரன் சொன்னது நடந்தது. ஆடி கடைசியில் அவள் உள்ளங்கை மஞ்சளாகியது. உள்ளங்கால் அதைவிட மஞ்சள். மூக்குக்குப் பக்கத்தில் இரண்டு புறமும் மஞ்சள் கோடு. மற்ற இடங்களில் கறுப்பு அப்படியே இருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. கிணற்றடியில் வாளியை வாங்கும்போது மாமி அந்தக் கையைப் பார்த்துவிட்டாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அடியே, காமாலைடி" என்று அங்கேயே உட்கார்ந்தாள்.

மேலப்புதூரில் ஸ்தனிஸ்லாஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். மாமி அவளை அங்கே அழைத்துக்கொண்டு போனாள். துணைக்கு நானும் போனேன். டாக்டர் செண்பகத்தின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். கையைப் பார்த்தார்.

"காமாலை இல்லீங்க. காமாலைன்னா முதல்ல கண்ணு மஞ்சளாகும். இவங்க கண்ணு பால் மாதிரி வெள்ளையா இருக்கு" என்றவர் செண்பகத்திடம் திரும்பி, "கேரட் நிறையச் சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டார்.

செண்பகம் வாயைத் திறப்பதற்குள் மாமி எழுந்துவிட்டாள். "எங்காத்து வாசப்படியை அந்தக் காய் மிதிச்சதே இல்லை டாக்டர். நாங்க கோயில் கைங்கரியம் பண்றவா. எங்களைப் பாத்துக் கேக்கற கேள்வியா இது?"

டாக்டர் செண்பகத்தின் முகத்தைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? அப்படியானால் ரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்றார் அவர். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் பெண்ணின் ரத்தத்தை எடுப்பதாவது என்று மாமி நேரே நாட்டு வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் தூரத்திலிருந்தே பார்த்துக் காமாலை என்று தீர்ப்புச் சொல்லிக் கீழாநெல்லி கொடுத்தார்.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் செண்பகம் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். மாமா குடையைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றாராம். திட்டவில்லை.

"கேரட் தின்னதை நான் பொறுத்துப்பேன்மா. ஊர்ல எங்கே தின்னேன்னு கேப்பா. பாலக்கரைல சாயபு ஆத்துலன்னு சொன்னா, கும்மாணத்துக்காரா அப்பவே எழுந்து போயிடுவா. கோஷ்டில என்னைத் தள்ளி நில்லுன்னுடுவா. காமாலைன்னா வியாதி. வியாதி யாருக்கும் வரும், போகும். கேரட்டை நிறுத்திட்டா தானாப் போயிடும் இல்லையா? காமாலைன்னே இருக்கட்டும். உங்கம்மாவுக்கும் தெரிய வேண்டாம், அவளுக்கு வாய் நிக்காது."

நல்ல மனிதர். அவர் கணக்கில் ஒரு தப்பும் இல்லை என்றுதான் அன்று இருவருக்கும் தோன்றியது. செண்பகம் சாயங்காலமே கும்பகோணத்துக் கல்யாணம் நின்றுவிடுமோ என்கிற பயத்தையும் கேரட்டைத் தின்ற குற்றத்தையும் ஒரே மூச்சில் என்னிடம் சொல்லி அழுதாள். அன்றோடு பாலக்கரைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

நிச்சயதார்த்த நாள் வந்துவிட்டது. குறித்த முகூர்த்தத்தை மாற்றக் கூடாது. மாமி பெண்ணின் இரண்டு கையிலும் மருதாணியை அப்பினாள், உள்ளங்கை செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. காலில் சுற்றி நலங்கு இட்டாள். மூக்கோரத்தில் பவுடர். எல்லாம் மறைந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். சாரங்கபாணி வந்திருந்தார். கண்ணாடிக்குள்ளிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பாவும் அம்மாவும் முன்னால் நிற்க, பெண் வந்து சேவித்தாள்.

எங்கள் வழக்கத்தில் பெண்கள் மண்டியிட்டு, தலை தரையில் படச் சேவிப்போம். அப்போது உள்ளங்கால் இரண்டும் பின்னால் நிற்பவர்களைப் பார்த்து மல்லாந்து கிடக்கும். எத்தனையோ கல்யாணத்தில் சேவித்திருக்கிறோம், பார்த்திருக்கிறோம், எங்களில் ஒருத்திக்காவது இது தோன்றவில்லை. பின்னால் பிள்ளையின் அத்தை நின்றுகொண்டிருந்தாள்.

"இதென்ன, பாதம் இப்படி மஞ்சளா இருக்கு?"

"மஞ்சள் பூசிண்டிருக்கா" என்றாள் மாமி.

"மஞ்சளைப் பாதத்துக்கு மேல பூசிப்பா. உள்ளங்கால்ல யார் பூசிப்பா?" என்று குனிந்து, தன் புடவைத் தலைப்பைச் செம்பு ஜலத்தில் நனைத்து, செண்பகத்தின் பாதத்தைத் தேய்த்தாள் அந்த அத்தை. செண்பகம் எழுந்திருக்கவும் முடியாமல் தலை நிமிரவும் முடியாமல் அப்படியே கிடந்தாள். மஞ்சள் போகவில்லை. எனக்கு அந்தத் தலைப்பைப் பிடுங்கி அந்த அம்மாள் மூஞ்சியைத் தேய்க்க வேண்டும் போலிருந்தது. செய்யவா முடியும்? கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

மாமா முன்னால் வந்து, லேசாகக் காமாலை, வைத்தியம் நடக்கிறது என்றார். வந்தவர்கள் கூடிப் பேசினார்கள். பிள்ளையின் அப்பா, "உடம்பு சரியாகட்டும் ஸ்வாமி. தீபாவளிக்கு வந்து பாக்கறோம். குணமாயிருந்தா தையிலயே வச்சுக்கலாம்" என்றார். லக்கினப் பத்திரிகை வாசிக்காமலே தட்டுகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள்.

புரட்டாசியில் மாமி மகளைக் குணப்படுத்துவதில் முழு மூச்சாக இறங்கினாள். புளி இல்லை, எண்ணெய் இல்லை, உப்பு இல்லை. காலையில் மோரில் கரைத்த கீழாநெல்லி. ஈரலுக்குக் குளிர்ச்சி என்று வைத்தியர் சொன்னபடி ஒரு வேளை பப்பாளிப் பழம், ஒரு வேளை பரங்கிக்காய்க் கறமது, அதாவது பொரியல். பெண் மெலிகிறாள் என்று வைத்தியர் சொன்னதற்கு மேலேயே மாமி போட்டாள். மத்தியானம் பரங்கிக்காய்க் கூட்டு, ராத்திரி மறுபடி பப்பாளி. ஸ்ரீரங்கத்தில் விளைந்த பரங்கியெல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்ததோ என்று நினைத்தேன். செண்பகம் போட்டதையெல்லாம் சாப்பிட்டாள். அம்மாவை ஏமாற்றுகிறோமே என்கிற உறுத்தல் வேறு அவளுக்கு.

ஐப்பசி பிறந்தது. மஞ்சள் போகவில்லை. கேரட்டைத் தொட்டே இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. தினம் காலையில் அவள் முற்றத்தில் வெயில் விழும் இடத்தில் கையை விரித்துப் பார்ப்பாள். மாமா அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். "நெஜமாவே எனக்குக் காமாலைதானோ? பொய் சொன்னதுக்குப் பெருமாள் நெஜமாவே குடுத்துட்டாரோ?" என்று என்னிடம் கேட்டாள். நான் என்ன டாக்டரா? எனக்கும் பயமாகத்தான் இருந்தது. மாமா கோஷ்டியில் ஒருநாள் பாசுரத்தின் நடுவில் தடுக்கி நின்றுவிட்டார் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். தூக்கத்தில் கேட்டாலும் அடி பிசகாமல் சொல்கிற மனிதர் அவர்.

தீபாவளிக்குச் சொன்னபடியே வந்தார்கள், அந்த அத்தையும் பிள்ளையின் அம்மாவும். பட்சணம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. காலைக் காட்டச் சொன்னார்கள். காட்டினாள். மாமி அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் நாள் பொறுங்கோ என்று கெஞ்சினாள். ஈரல் கெட்டுப்போன பெண்ணை எப்படி எடுப்பது, எங்கள் நிலைமையில் நீங்கள் இருந்தால் எடுப்பேளா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பதில் மாமாவிடம் இருந்தது, அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கார்த்திகையில் ஒரு நாள் சாரங்கபாணி செண்பகத்தின் ஆபீசுக்கு வந்தார். வெளி வராந்தாவில் விசிட்டர்களுக்கான பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் செண்பகம் டைப் மெஷினை அப்படியே விட்டுவிட்டு வந்தாளாம். பியூன் பார்க்கும் தூரத்தில், பெஞ்சின் இந்தக் கோடியில் அவளும் அந்தக் கோடியில் அவருமாக உட்கார்ந்து பேசியதை அவள் எனக்கு ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

"உங்களுக்குக் காமாலை இல்லை" என்றாராம் எடுத்தவுடனே. "அன்னிக்கு உங்க கண்ணைப் பாத்தேன். துளி மஞ்சள் இல்லை. காலேஜ்ல புஸ்தகத்தைப் புரட்டிப் பாத்தேன். கேரட் சாப்பிட்டேளா?"

அவள் ஆமாம் என்றாள்.

"இதைச் சொல்லியிருக்கலாமே. அது வியாதியே இல்லை. காயில இருக்கற சாயம் தோல்ல படியறது, அவ்வளவுதான். இன்னும் ஏன் போகலை? இப்போ என்ன சாப்பிடறேள்?"

"பப்பாளியும் பரங்கிக்காயும்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அதுலயும் அதே சாயம்தான். நிறுத்துங்கோ, முதல்ல நிறுத்துங்கோ."

செண்பகம் சிரித்துவிட்டாளாம். அழுகையும் கூடவே வந்திருக்கிறது. அம்மா உப்பில்லாமல் வேகவைத்து வேகவைத்து ஊட்டியது எதை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"எங்கப்பா எனக்கு வேற எடத்துல பொண்ணு பேச ஆரம்பிச்சுட்டார். இன்னும் வாக்கு குடுக்கலை. நான் இன்னிக்கே போய்ச் சொல்றேன். எங்கே சாப்பிட்டேள்? அதை மட்டும் சொல்லுங்கோ, அப்பா அதைத்தான் முதல்ல கேப்பார்."

அவள் சொன்னாள். ரோஷன் வீடு, பாலக்கரை, தினமும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நானும் ஹாஸ்டல் மெஸ்ல கேரட் சாப்பிடறவன்தான். முட்டைகூட ஒரு தடவை சாப்பிட்டிருக்கேன். எங்காத்துல தெரியாது" என்றார் கடைசியில். "வேற எடம் ஏதாவது சொல்லிடலாமா? ஆபீஸ்ல யாரோ குடுத்தான்னு?"

"அப்புறம் அது யாருன்னு கேப்பா. எங்கப்பாவைக் கூப்பிட்டுக் கேப்பா. பொய்தான் சொல்லணும்னா காமாலையே போறுமே. அதுல எங்கப்பாவுக்குக் கோஷ்டியாவது மிஞ்சும்."

சாரங்கபாணிக்கு அப்பாவை எதிர்த்துப் பேசுகிற வயதும் சம்பளமும் இருந்தன, தைரியம் இல்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்லாமலிருக்கவும் மனம் வரவில்லை. எழுந்திருக்கும்போது, "பப்பாளி, பரங்கி ரெண்டையும் விட்டேள்னா தை மாசத்துக்குள்ள பழைய நிறம் வந்துடும்" என்றவர், தை என்று சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

செண்பகம் வீட்டுக்கு வந்து இனிமேல் பப்பாளியும் பரங்கியும் தொட மாட்டேன் என்றாள். மாமி அழுதாள், கெஞ்சினாள், பட்டினி கிடந்தாள். இவள் அசையவில்லை. அவர் சொன்னபடியே மார்கழியில் மஞ்சள் மங்கி, பொங்கல் கழிந்து, சாரங்கபாணிக்கு மன்னார்குடிப் பெண்ணோடு கல்யாணம் நடந்த வாரத்தில் சுத்தமாகப் போய்விட்டது.

மாமிக்குத் தலைகால் புரியவில்லை. தன் பெண் பழையபடி கறுத்துவிட்டாள் என்று தாயார் சந்நிதியில் புடவை சாத்தினாள். அத்தோடு விட்டாளா? கோயிலில் பார்த்தவர்களிடம், கடைத்தெருவில், பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில், "எங்க செண்பகத்துக்கு வந்துது பாருங்கோ காமாலை, பாதமெல்லாம் மஞ்சள், பொழைப்பாளோன்னு ஆயிடுத்து. கீழாநெல்லி, பப்பாளி, பரங்கிக்காய், இதுலயே எழுந்து உக்காந்துட்டா" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். யார் வீட்டில் யாருக்கு உடம்பு என்றாலும் ஓடிப்போய் இதைச் சொன்னாள். அதுவரை இரண்டு குடும்பத்துக்கு மட்டும் தெரிந்திருந்த காமாலை மாசி பிறப்பதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மாமா ஒருநாள், "கமலா, போறும்" என்று ஆரம்பித்தார். "ஏன்னா? நாலு பேருக்கு உபகாரம்தானே?" என்றாள் மாமி. என்ன சொல்லி அவள் வாயை மூடுவது? உண்மையைச் சொல்லித்தான் மூட வேண்டும். மாமா அங்கவஸ்திரத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த ஜாதகங்கள் எல்லாம் பாதி வழியிலேயே திரும்பின. பெண்ணுக்கு ஈரல் கோளாறாமே என்று ஒருவர், குழந்தை தங்காதாமே என்று இன்னொருவர். சில வருஷத்தில் ஜாதகம் வருவதும் நின்றது. செண்பகம் அதே ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். பாலக்கரைக்கு மறுபடி போக ஆரம்பித்தாள், காபிகூடக் குடிக்காமல் ரோஷனின் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவாள். கமலா மாமிக்கு மட்டும் கடைசிவரை அந்த ஆச்சரியம் தீரவில்லை. அறுபத்தெட்டில் படுக்கையில் விழுந்தபோது, மருந்து கொடுக்க வந்த மகளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"எவ்வளவு சுத்தமா குணமாச்சு பாரு. நான்தானே குணப்படுத்தினேன்? அப்புறம் ஏண்டி உன்னை யாரும் பாக்க வரலை?"

செண்பகம் அம்மாவின் வாயில் மருந்தை ஊற்றி, துண்டால் துடைத்துவிட்டாள்.

"வருவாம்மா" என்றாள்.